கீழே நிற்கும் எண்

"டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை இன்னுமா வகுப்புக்குப் போகுது?"

பாரிட் புந்தாரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் அண்ணன் மகளைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை, உண்மையான கவலைதான் இருந்தது. நிபோங் தெபால் பொறியியல் வளாகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய பையன் ஒருவனை அவருக்குத் தெரியும். ஆய்வுக்கூடத்துக்குள் போனான், ஆய்வேட்டோடு வெளியே வந்தான், நடுவில் பரீட்சை என்று எதுவும் எழுதவில்லை. இவளோ மக்கள் நலவியலில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு ஆகியும் புள்ளியியல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்கேயோ தப்பாகச் சேர்ந்துவிட்டாளோ என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தப் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதையே படித்தவர்களும் சொல்கிறார்கள். முனைவர் பட்டம் என்றால் ஆய்வு, பாடம் என்பது இளங்கலையோடும் முதுகலையோடும் முடிந்துவிட்டது, மறுபடியும் ஒருவரை வகுப்பில் உட்கார வைப்பது அவருடைய அறிவை அவமதிப்பது என்று வாதிடுகிறார்கள். நம் சமூகத்தில் இந்தக் கருத்துக்குக் கூடுதல் வலு உண்டு. தோட்டத்துப் பிள்ளை படித்து மேலே வந்தால் சீக்கிரம் முடிக்க வேண்டும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும். பட்டத்துக்கு நடுவே குறுக்கே நிற்கும் எதுவும் நமக்குத் தடையாகத்தான் தெரியும். இந்தக் கருத்து தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எல்லாத் துறைக்கும் சேர்த்துப் பேச எனக்குத் தகுதி கிடையாது. மக்கள் நலவியலைப் பொறுத்தவரை இது தவறு, அதிலும் நம்மைப் போன்ற சிறிய சமூகத்துக்கு ஆபத்தான தவறு.

முதலில் இந்த ஊரையே எடுத்துக்கொள்கிறேன். கிரியான் ஆற்றின் தென்கரையில் நிற்கும் பாரிட் புந்தார் பேராக் மாநிலம். எதிர்க்கரையில் பண்டார் பாரு, அது கெடா. ஆற்றோடு கொஞ்சம் கீழே இறங்கினால் வடகரை பினாங்கு ஆகிவிடுகிறது. மூன்று மாநிலங்கள் கூடும் இடம் இது. இங்கே வாழ்கிறவர்களுக்கு அந்த எல்லைக்கோடு அன்றாட வாழ்க்கையில் தட்டுப்படுவதே இல்லை. ஒரு பெண் பண்டார் பாருவில் குடியிருப்பாள், நிபோங் தெபால் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்வாள், நெஞ்சு வலித்தால் பாரிட் புந்தார் ஆஸ்பத்திரிக்கு வருவாள். இப்போது சொல்லுங்கள், அவளுடைய நோய் எந்த மாவட்டத்தின் நோய்?

ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் அவள் பாரிட் புந்தாரில் ஒரு நோயாளி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவள் கெடாக்காரி. நோயாளிகளின் எண்ணிக்கையை மேலே எழுதி, கிரியான் மாவட்டத்து மக்கள்தொகையைக் கீழே எழுதி வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதில் மேலே இருக்கும் கூட்டம் வேறு, கீழே இருக்கும் கூட்டம் வேறு. கிரியானில் நோய் கூடுதல் என்று அந்த விகிதம் சொல்லும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நோய் குறைவு என்றும் சொல்லும். இரண்டும் பொய்யாக இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கிளினிக் எங்கே கட்டுவது, தாதியை எங்கே அனுப்புவது என்று யாரோ ஓர் அதிகாரி முடிவெடுப்பார்.

தமிழ்ப்பள்ளியில் பின்னம் படித்தபோது மேலே நிற்பதைத் தொகுதி என்றும் கீழே நிற்பதைப் பகுதி என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். மக்கள் நலவியலில் பாதிச் சண்டை அந்தப் பகுதியைப் பற்றியதுதான். நோயாளியை எண்ணுவது சுலபம், அவர் நம் முன்னால் வந்து நிற்கிறார். யாருக்கெல்லாம் அந்த நோய் வந்திருக்க முடியும், அவர்களில் யார் நம் ஏட்டிலேயே இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். இது சொந்தப் புத்தியால் தானாக வந்துவிடுகிற அறிவு இல்லை. நோய்ப்பரவலியல், உயிர்ப்புள்ளியியல், மக்கள்தொகையியல், மாதிரி எடுக்கும் முறை என்று பாடமாக உட்கார்ந்து, தப்பாகப் போட்டு, திருத்தப்பட்டு, மறுபடி போட்டுப் பழக வேண்டிய அறிவு.

நம் முன்னோர் இந்தப் பின்னத்தில் ஏற்கெனவே ஒருமுறை தொலைந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரியானின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் வந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும் கங்காணி முறையில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தோட்டத்துச் சாவுகளுக்குக் கணக்கு இருந்தது, ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கைப் படிக்கிறவன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலோடு காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வராமல் ஓடிப்போனவன், வேலைக்கு லாயக்கில்லை என்று பெயர் வெட்டப்பட்டவன், சாலையோரத்தில் செத்தவன், ஊருக்குக் கப்பல் ஏறிப் போய் அங்கே செத்தவன், இவர்களெல்லாம் எந்த ஏட்டில் சேர்ந்தார்கள்? தோட்டத்தின் பெயர்ப்பட்டியலில் உள்ளவனைத்தானே தோட்டம் எண்ணும்? அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் பழைய அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்து ஆய்வேட்டில் ஒட்டுகிறவர் நம் தாத்தாக்களை இரண்டாவது முறை புதைக்கிறார்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

ஆய்வேடு மட்டுமே போதும் என்ற முறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே அதன் புனிதம் குறைந்துவிடும். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபர்டு முனைவர் பட்டத்தைத் தொடங்கியதே 1917இல்தான். ஒரு நெறியாளர், ஒரு மாணவர், ஓர் ஆய்வேடு என்ற அந்த அமைப்பு காலனி நாடுகளுக்கும் வந்தது, இங்கே பழகியும் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மக்கள் நலவியல் முனைவர் மாணவர் ஏறக்குறைய இரண்டு ஆண்டு பாடம் படித்து, தகுதித் தேர்வில் தேறி, அதன் பிறகுதான் ஆய்வேட்டில் கை வைப்பார். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிகளில் முனைவர் மாணவருக்குப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. 2022 விதிகளின்படி குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும், அதில் ஆய்வு நெறிமுறையும் அடக்கம். நம் மலேசியாவின் தகுதிக் கட்டமைப்பும் ஆய்வு முறை, கலப்பு முறை, பாட முறை என மூன்று வழிகளை ஏற்கிறது. பின்னிரண்டுக்கும் குறைந்தது 80 கிரெடிட். பொதுச் சுகாதார நிபுணராக விரும்பும் மருத்துவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் நிலைக்குப் போகிறார்கள், அங்கேயும் பாடமும் களப்பயிற்சியும் உண்டு. ஆகவே வகுப்புக்குப் போகிறவள் தாழ்ந்த பட்டம் வாங்குகிறாள் என்ற பேச்சுக்கு அடிப்படையே கிடையாது.

மக்கள் நலவியலில் பாடம் வைப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. வேதியியலில் ஆய்வு செய்கிறவன் பத்து ஆண்டாக வேதியியலே படித்திருப்பான். மக்கள் நலவியலுக்கு மருத்துவர் வருகிறார், தாதி வருகிறார், சமூகவியல் படித்தவர் வருகிறார், கணிதம் படித்தவரும் வருகிறார். மருத்துவருக்கு ஒரு நோயாளியைத் தெரியும், ஒரு கூட்டத்தை எப்படி எண்ணுவது என்று தெரியாது. கணிதம் படித்தவருக்குக் கூட்டத்தைத் தெரியும், அதில் ஒரு தாய் ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறாள் என்று தெரியாது. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒருவர் மொழியை இன்னொருவருக்குப் புரிய வைப்பது பாடத்தின் வேலை. நெறியாளர் ஒருவரே இத்தனையும் கற்பித்துவிடுவார் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. அவரும் இந்தக் கதவுகளில் ஏதோ ஒன்றின் வழியாக உள்ளே வந்தவர்தானே.

அடுத்தது, நான் அதிகம் மதிக்கும் எதிர்வாதம். "நம்ம மக்களோட பிறந்து வளர்ந்தவளுக்கு நம்ம மக்களைப் பத்தி வகுப்புல என்ன சொல்லித்தரப் போறாங்க? லயத்துல வாழ்ந்தவளுக்குத் தெரியாததா?" இதைச் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அனுபவம் இல்லாதவருக்கு நல்ல கேள்வியே தோன்றாது. ஆனால் கேள்வி கிடைத்ததும் விடையும் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறார்களே, அங்கேதான் பிழை. இதற்கு நம் சோற்றுத் தட்டிலேயே சான்று இருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டில் பெரிபெரி கூட்டங்கூட்டமாக மனிதர்களைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று சாவார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்களிடம் நோய் தலைவிரித்தாடியது, பக்கத்திலேயே வேலை செய்த தமிழர்களிடம் அரிதாக இருந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் தீட்டிய வெள்ளை அரிசி உண்டார்கள், தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள். நம் பாட்டிமார் நெல்லை அவித்துக் காயப்போட்ட வழக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்து நின்றதை ஒரு மருத்துவரின் கூர்ந்த அனுபவம் பிடித்துவிட்டது. 1907இல் அவர் புத்தகமும் வெளியிட்டார்.

ஆனால் காரணம் என்ன என்று சொன்ன இடத்தில் பிராடன் தவறினார். பழைய வெள்ளை அரிசியில் பூஞ்சை பிடித்து நஞ்சு உண்டாகிறது, அதுதான் நோய் என்றார். பார்த்தது சரியாக இருந்தது, அதிலிருந்து எடுத்த முடிவு பிழையாக இருந்தது. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரருக்கு வெள்ளை அரிசியும் இரட்டைப்படை எண்காரருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் இறந்தார்கள், புழுங்கல் அரிசிப் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. அதன் பிறகு 1907இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வெள்ளை அரிசிக் குழுவுக்கு நோய் வந்தது, அரிசியை மாற்றியதும் நின்றது. புழுங்கல் அரிசி உண்டு நன்றாக இருந்த குழுவுக்கு வெள்ளை அரிசி கொடுத்ததும் அங்கேயும் நோய் தலைகாட்டியது. அரிசியைத் தீட்டும்போது போய்விடும் மேல்தோலில்தான் விஷயம் இருக்கிறது என்ற இடத்துக்கு இந்தப் பாதை வந்து சேர்ந்தது.

இந்தக் கதையை அண்ணன் மகளிடம் சொன்னபோது அவள் என்னைத் திருத்தினாள். "சித்தப்பா, பாதிக் கதைதான் சொல்றீங்க. அந்த விடுதியில இருந்தவங்ககிட்ட யாராவது சம்மதம் கேட்டாங்களா? 18 பேர் செத்ததை எங்க வகுப்புல நெறிமுறைப் பாடத்துல ஒரு முழு நாள் பேசினோம்." நான் ஒப்பீட்டு முறையின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் அந்த வரிசையில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறாள். ஆய்வு நெறிமுறை என்ற பாடம் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கும் சடங்கு என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன். மறுக்க வலுவில்லாதவர்கள்தான் எப்போதும் ஆய்வுக்குக் கிடைத்திருக்கிறார்கள். விடுதியில் அடைபட்டவர்கள், காட்டில் சாலை போட்டவர்கள், தோட்டத்துக் கூலிகள். நாளைக்கு அவள் ஒரு தாமான் வீட்டுக் கதவைத் தட்டி ரத்த மாதிரி கேட்கும்போது அந்த வீட்டம்மா வேண்டாம் என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற விதத்தில் கேட்கவும் பயிற்சி வேண்டும்.

அனுபவம் தோற்ற இன்னொரு கதை சென்னையில் நடந்தது. காசநோய்க்காரருக்குச் சானடோரியப் படுக்கை, நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இல்லாமல் முடியாது என்பது அக்காலத்து மருத்துவர்களின் வாழ்நாள் அனுபவம். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. 1959இல் முடிவு வந்தது. நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடி மருந்து உண்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. படுக்கை கிடைக்காமல் காத்துக்கிடந்த ஏழை நாடுகளுக்கெல்லாம் அது கதவைத் திறந்துவிட்டது. நோயாளிகளோடு வாழ்ந்து முதிர்ந்த மருத்துவர்களைக் கேட்டு மட்டும் முடிவெடுத்திருந்தால் அந்தக் கதவு எத்தனை ஆண்டு மூடியே கிடந்திருக்குமோ.

"இப்பதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர் போட்டுடுதே, புள்ளியியல் எதுக்கு?" என்பது அண்மையில் பிறந்த வாதம், செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதன் குரல் உயர்ந்திருக்கிறது. கணினி வகுத்துக் கொடுக்கும், உண்மை. பண்டார் பாருப் பெண்ணை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அதற்கு யார் சொல்வது? ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் கடலோரத் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி மலேரியாவை அடக்கினார். அதே வேலையைக் குன்றுப் பகுதித் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. தாழ்நிலத்துக் கொசு நிழலான சதுப்பில் வளர்வது, குன்றுக் கொசு வெயில் படும் ஓடை நீரில் வளர்வது. மரத்தை வெட்டியதால் அதற்கு வெயில் கிடைத்தது. ஓர் இடத்து எண்ணை இன்னோர் இடத்துக்குத் தூக்கிப் போகும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பது மென்பொருளில் இல்லை. அது படித்தவரின் தலையில் இருக்க வேண்டும்.

இன்றைய நம் வீட்டுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. அந்த எண் வந்ததும் நம்மிடையே இரண்டு விளக்கம் பரவியது. ஒன்று, நம்ம ரத்தத்திலேயே இருக்கு. இன்னொன்று, நம்ம ஆளுங்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது. முதலாவது நம் கையைக் கட்டிப்போடுகிறது, இரண்டாவது நம் மீதே பழியைப் போடுகிறது. இரண்டையும் மேடையில் நம் தலைவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன், எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்த இந்தியர் என்று யாரும் கேட்கவில்லை. வயதைச் சமன்செய்து பார்த்தால் எத்தனை, தோட்டம் துண்டாடப்பட்டு நகர ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் எத்தனை, இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் எத்தனை, பரம்பரை என்று நாம் ஒதுக்குவதில் வறுமை எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்க்கவில்லை. 2023இல் நாட்டின் மொத்த எண் 15.6 ஆக வந்தது. நோய் உண்மையாகவே குறைந்ததா, மாதிரியில் வந்த ஏற்ற இறக்கமா, யார் ஆய்வுக்கு வராமல் போனார்கள் என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை நம் சமூகம் உருவாக்கினால்தான் அடுத்த முறை மேடையில் யாராவது ரத்தத்தைக் குறை சொல்லும்போது எழுந்து நின்று பதில் சொல்ல முடியும்.

செலவும் காலமும் பற்றிய குறை நியாயமானது. கல்யாணம் தள்ளிப்போகிறது, அம்மாவுக்குக் கவலை, கையில் வருமானம் இல்லை. அதற்குப் பரிகாரம் உபகாரச் சம்பளமும் பகுதிநேர வகுப்பும். பாடத்தை வெட்டுவதால் காலம் மிச்சமாவதும் இல்லை. மாதிரியைத் தப்பாக எடுத்து ஐந்நூறு வீடு ஏறி இறங்கிய பிறகு புள்ளியியலாரிடம் ஓடினால் அவரால் அந்தப் பிழையைத் திருத்த முடியாது. யாரைக் கேட்காமல் விட்டோமோ அவர் விட்டுப்போனவர்தான்.

எனக்கு இந்தப் பாடத்திட்டத்தின் மீது குறை ஒன்று உண்டு, அது எதிர்த்திசையில் இருக்கிறது. பாடம் அதிகம் என்று அவர்கள் சொல்கிறார்கள், போதவில்லை என்கிறேன் நான். இந்த நாட்டு மக்களின் நலத்தில் முனைவர் ஆகிறவர் இந்த நாட்டு இடப்பெயர்வு வரலாற்றை ஒரு பாடமாகப் படிக்க வேண்டும். தோட்டம் எப்போது விற்கப்பட்டது, ரப்பர் எப்போது செம்பனை ஆனது, லயத்திலிருந்து எழுந்த குடும்பம் எந்தத் தாமானில் போய் இறங்கியது என்று தெரியாதவர் மாதிரி எடுக்கும் பட்டியலில் யார் விடுபட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? அதோடு, வட்டாரத்தில் பேசும் இரண்டாவது மொழி ஒன்றில் தேர்வு எழுதித் தேற வேண்டும். வினாப்பட்டியலை மலாயில் எழுதி, வாசலில் நின்றபடி அவரவர் வாய்க்கு வந்த தமிழில் மாற்றிக் கேட்கிறார்கள். "மயக்கம் வருமா?" என்று ஒருத்தர் கேட்கிறார், "தலை சுத்துமா?" என்று இன்னொருத்தர் கேட்கிறார். எங்கள் வீட்டுப் பாட்டிக்கு இரண்டும் ஒன்றல்ல.

போன மாதம் அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மாதிரிக் கணக்கெடுப்புப் பாடத்துக்கு ஒரு பயிற்சி வேலை: ஒரு சின்ன வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் வீடுகளின் முழுப்பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். அரசாங்கப் பட்டியல் ஒன்று அவளிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பாட்டியிடம் உட்கார்ந்தாள். பழைய தோட்டத்து ஆட்கள் யார் யார் எங்கெங்கே போனார்கள் என்று பாட்டி விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். பட்டியலில் இல்லாத வீடுகள் ஒவ்வொன்றாக வந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம், கடைக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய ஓர் அறை, ஐ.சி. பிரச்சினையால் யாரிடமும் பெயர் சொல்லாத ஒரு தாயும் மகனும். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சித்தப்பா, நாளைக்கு மோட்டார் சைக்கிள் வேணும், ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும்" என்றாள்.